அளவாகத் திக்க வேண்டும்

வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். தெருவில் ரேடியோ. ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி கொரகொரவென்று இழுப்பான் என்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் வைத்த பெயர். அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த மாமா, வந்த வாரமே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார். "என்ன ரேடியோ, இன்னைக்கு நியூஸ் உண்டா?" என்பார். கெட்ட மனுஷன் இல்லை. ஏ.சி. மெக்கானிக். நாள் முழுக்க வெயிலில் ஏணியில் தொங்கிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

தம்பிக்குச் சொற்கள் உதட்டிலேயே மாட்டிக்கொள்ளும். கடையில் போய் ஒன்றைக் கேட்க வராது. விரலால் காட்டி வாங்குவான். பஸ்ஸில் இறங்கும் இடத்தின் பெயர் வராவிட்டால், வாய்க்கு வருகிற வேறொரு நிறுத்தத்தைச் சொல்லி டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கித் திரும்ப நடந்து வருவான். அப்பா இருந்தவரை ஒவ்வொரு திக்கலுக்கும் பிடரியில் ஒரு தட்டு விழும். அக்காதான் அவனை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "மூச்சை உள்ள இழு, அவசரப்படாத, சொல்லு எங்கயும் ஓடிடாது" என்று வருஷக்கணக்காகப் பழக்கினாள். பெரிதாகப் பலன் இல்லை.

ஆனால் ஒரு விசித்திரம் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுக்கும்போது அவன் திக்க மாட்டான்.

முதலில் அதைக் கவனித்தவளும் அக்காதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவன் அறிவியல் சொல்லிக்கொண்டிருந்தான். அடுப்படியில் இருந்தவள், யாரோ வேற்று ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தாள். தம்பி சுவரில் சாய்ந்து நின்று, நிலா ஏன் தேய்கிறது என்று தண்ணீர் ஓடுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தான். பாடம் முடிந்து, "காபி போடட்டுமா?" என்று அவள் கேட்டதும் பழையபடி "போ... போ..." என்று மாட்டிக்கொண்டான். எதிரில் ஒரு ஆள் தன்னைக் கேள்வி கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். தனக்குத் தெரிந்த ஒன்றை நாலு பேருக்கு விளக்கும்போது வாய் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிடும். அவனாலேயே அதற்குக் காரணம் சொல்ல முடியவில்லை. "அங்க நா... நான் இல்லக்கா. பா... பாடம் மட்டும்தான் இருக்கு" என்றான் ஒருமுறை.

அதனால்தான் அவன் ஆசிரியர் ஆக ஆசைப்பட்டான். அது தொழில் ஆசை மட்டும் இல்லை. மனிதனாக வாய் திறக்க அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் கரும்பலகைக்கு முன்னால்தான்.

பட்டப் படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்ததும், பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு விண்ணப்பித்தான். பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்கிய இடம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்து, குறைபாடு கடுமை என்று சான்று கொடுத்தார்கள். இடம் கிடைத்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்த அக்கா, அன்று ஊசி குத்தின ஒவ்வொருவரிடமும், "என் தம்பி வாத்தியாராகப் போறான்" என்று சொன்னாள்.

வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் உடல்தகுதிக் குழு கூப்பிட்டது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் கல்லூரி முதல்வர்.

"உங்க பேர் என்ன?"

திக்குகிறவனுக்கு உலகத்திலேயே கஷ்டமான சொல் அவன் பெயர்தான். மற்ற எதற்கும் மாற்றுச் சொல் தேடிக்கொள்ளலாம், பெயருக்கு முடியாது. தம்பியின் தாடை இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது. முதல் எழுத்து வந்தது, வந்த இடத்திலேயே நின்றது.

"பேரைச் சொல்றதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும் போலிருக்கே" என்றார் ஓரத்தில் இருந்தவர். மூவரும் சிரித்தார்கள். முதல்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும் தம்பி, சிரமப்படாதீங்க" என்றார் பரிவோடு.

ஒரு பாடம் நடத்திக் காட்டுகிறேன் என்று சொல்ல நினைத்தான். அந்த வாக்கியம் முடியும் முன்னால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆசிரியர் பணிக்குத் தகுதியற்றவர், சேர்க்கை ரத்து என்று மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள்.

அக்கா விடவில்லை. வக்கீலம்மா ஒருத்தரைப் பிடித்தாள். நடந்துகொண்டே பேசுகிற, நடந்துகொண்டே சாப்பிடுகிற வக்கீலம்மா. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அருமையான கேஸும்மா! குறைபாடு உள்ளவங்களுக்குன்னு இடம் வச்சிட்டு, குறைபாடு இருக்குன்னு வெளியே அனுப்பறாங்க. இதைவிட என்ன வேணும்?"

விசாரணை நாளில் அக்கா லீவு போட்டாள். மாமாவும் வந்தார். நீதிமன்ற அறையில் மின்விசிறி தலைக்கு மேல் கிறீச்சிட்டது. பல்கலைக்கழக வக்கீல் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். யாரிடமும் உரக்கப் பேசி அறியாதவர் போலிருந்தது. நீதிபதி இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பையன் பாடம் நடத்தும்போது நல்லாப் பேசுவான்னு மனுவில இருக்கே. இங்க நடத்திக் காட்டச் சொல்லலாமா?"

வக்கீலம்மா துள்ளி எழுந்தார். "தாராளமா ஐயா!"

தம்பி முன்னால் போய் நின்றான். கரும்பலகை இல்லை. சுற்றிலும் பார்த்தான். எழுத்தரின் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்தான். எழுத்தரின் பேனாவையும் எடுத்து அதற்குள் சாய்த்து வைத்தான்.

"எல்லாரும் இந்தப் பேனாவைப் பாருங்க" என்றான். குரல் தெளிவாக இருந்தது. "தண்ணிக்கு மேல நேரா இருக்கு. தண்ணிக்குள்ள ஒடிஞ்ச மாதிரி இருக்கு. பேனா ஒடியல. நம்ம கண்ணும் பொய் சொல்லல. அப்ப ஒடிஞ்சது எது?"

காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது ஒளியின் வேகம் குறைவதையும், வேகம் குறைவதால் திசை மாறுவதையும் சொன்னான். சாலையிலிருந்து சாய்வாக மணலில் இறங்குகிற வண்டியின் ஒரு சக்கரம் முதலில் சிக்கி, வண்டியே திரும்புகிறதே, அது போல என்றான். டம்ளரைத் தூக்கிக்கொண்டு நடந்தான். நீதிபதி இருக்கையிலிருந்து குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். வாசலில் நின்ற காவலர்கூட எட்டிப் பார்த்தார். மாமா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணைத் துடைக்கவும் மறந்துபோனாள்.

முடித்ததும் யாரோ கைதட்டப் போய், இடம் உணர்ந்து நிறுத்திக்கொண்டார்கள். நீதிபதி சிரித்தார். "பள்ளிக்கூடத்துல எனக்கு இது புரியவே இல்ல. இன்னைக்குப் புரியுது."

பல்கலைக்கழக வக்கீல் மெதுவாக எழுந்தார்.

"ஐயா, அற்புதமா நடத்தினார். ஒரு இடத்துலகூடத் தடங்கல் இல்ல. தகுதி இல்லைன்னு நாங்க சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஒரே ஒரு சந்தேகம். இவர் சேர்ந்தது பேச்சுக் குறைபாடு உள்ளவங்களுக்கான இடத்துல. அந்தக் குறைபாட்டை இப்ப யாராவது பார்த்தோமா?"

வக்கீலம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது.

நீதிபதி தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

கேள்வி நேராக அவனை நோக்கி வந்தது. தம்பி வாயைத் திறந்தான். "ஐ... ஐ... ஐ..."

"இப்ப மட்டும் வருது பாருங்க" என்றார் வக்கீல், அதே மெல்லிய குரலில்.

அறை முழுக்கச் சிரித்தது. கொஞ்சம் முன்னால் கைதட்டப் போனவர்களும் சிரித்தார்கள். தம்பி டம்ளரைப் பிடித்தபடி நின்றான். நீதிபதி மேசையைத் தட்டி அமைதிப்படுத்தி உத்தரவு போட்டார். புதிய மருத்துவக் குழு அவனைச் சோதிக்க வேண்டும். உரையாடலையும் பார்க்க வேண்டும், பாடம் நடத்துவதையும் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரு முடிவு சொல்ல வேண்டும். குறைபாடு பொய் என்று தெரிந்தால் மோசடி வழக்கு.

வெளியே தாழ்வாரத்தில் பல்கலைக்கழக வக்கீல் அவர்களைக் கடந்து போனார். நின்று, தம்பியின் தோளில் கை வைத்தார். "நல்லா நடத்தினீங்க தம்பி. என் பேத்திக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைச்சா கொடுத்து வச்சவ." மனதாரத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வழக்குக்கு நடந்தார்.

வக்கீலம்மா மூவரையும் மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கினார்.

"கவனமாக் கேளுங்க. குறைபாட்டுக்கு அவங்க போடற அளவு நூத்துக்கு நாப்பதுக்குக் கீழ வந்தா குறைபாடே இல்லைன்னுடுவாங்க, இடம் போச்சு, மேல மோசடி கேஸ் வேற. அறுபதைத் தாண்டினா வாத்தியார் வேலைக்கு ஆகாதுன்னுடுவாங்க. பேசும்போது நீங்க ரொம்பத் திக்கறீங்க, பாடம் நடத்தும்போது திக்கறதே இல்ல. ரெண்டுமே ஆபத்து. பேசும்போது கொஞ்சம் குறைங்க. பாடத்துல கொஞ்சம் திக்குங்க. அளவா."

"அளவான்னா?" என்றாள் அக்கா.

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்? வீட்டுல பழகிப் பாருங்க."

"உப்புப் போடற மாதிரியா?" என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்கா தொடங்கிவிட்டாள். தம்பியை அடுப்படிச் சுவரில் சாய்த்து நிற்க வைத்தாள். தான் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நடத்து."

அவன் ஒளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அழகாக வந்தது. அவள் விரலைத் தூக்கினாள்.

"இங்க திக்கு."

அவன் நிறுத்தினான். "பா... பாடத்துல மட்டும் வே... வேணாம்கா."

"எனக்கு மட்டும் ஆசையா? திக்குடா."

"வே... வேணாம்கா."

"வருஷக்கணக்கா திக்காத திக்காதன்னு தொண்டை வறளக் கத்தினேன், கேட்டியா? இப்பத் திக்குன்னா அதுவும் மாட்டேங்கற. உன்னோட நான் என்னதான் பண்றது?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் விரலை இறக்கவில்லை. தம்பி அவளைப் பார்த்தான். பிறகு, தெரிந்தே, வேண்டுமென்றே, "ஒ... ஒளி" என்றான். மாடியிலிருந்து தன் கையாலேயே எதையோ கீழே போட்டவன் போல இருந்தது அவன் முகம்.

"அப்படித்தான். கொஞ்சம் அதிகம். குறைச்சுக்கோ."

தினமும் அதுவே நடந்தது. அவள் விரல் எழும்பும் இடத்திலெல்லாம் அவன் திக்கினான். முதலில் நடிப்பு என்று பச்சையாகத் தெரிந்தது. நாடகக்காரன் மாதிரி பண்ணாதே என்று திட்டினாள். போகப் போக இயல்பாக வந்தது. ஒருநாள் அவள் விரல் தூக்காத இடத்திலும் அவன் நின்றான். "நல்லா வருதுடா" என்றாள் சந்தோஷமாக. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினான்.

மருத்துவக் குழுவில் எல்லாம் நினைத்தபடி நடந்தது. பேச வைத்தார்கள், பாடம் நடத்த வைத்தார்கள், ஒலிப்பதிவு செய்தார்கள். சரியாக நடுவில் வந்து நின்றான். குறைபாடு உண்டு, ஆனால் கற்பிக்கத் தடையில்லை என்று குழு எழுதியது. தீர்ப்பும் அவன் பக்கமே வந்தது. நாவின் தடுமாற்றம் அறிவின் தடுமாற்றம் ஆகாது என்று நீதிபதி எழுதியிருந்த வரியைப் பத்திரிகைகள் கட்டம் கட்டிப் போட்டன. கூடவே வக்கீலம்மாவின் படம். மாமா அந்தச் செய்தியைத் தெருவில் நின்று உரக்கப் படித்தார். படித்து முடித்ததும், "இனிமே எவனாவது ரேடியோன்னு கூப்பிட்டீங்க..." என்று மிரட்டவும் செய்தார். அக்கா அவனுக்கு வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கி வந்து, போட்டுப் பார்க்கச் சொல்லி, காலரை இழுத்துவிட்டாள்.

கல்லூரியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. முதல்வரே எழுந்து கைகொடுத்தார். பிறகு பயிற்சி வகுப்பு வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜப் பிள்ளைகளுக்கு முன்னால் பாடம் நடத்த வேண்டும். மேற்பார்வை ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தம்பி கரும்பலகைக்கு முன்னால் நின்றான். வெளிச்சமான அறை. பிள்ளைகள் ஆவலாகப் பார்த்தார்கள். மூச்சு சீராகத்தான் இருந்தது. எது எதைச் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

முன்பெல்லாம் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவன் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து வருவது தெரிந்தது. எது திக்கும், எது திக்காது என்று மனம் முன்னாலேயே போய் நின்று பார்த்தது. 'ஒளி' வந்தது. உதட்டருகே வந்து நின்றது. அவன் இழுத்தான். அசையவில்லை. விடலாம் என்றால் விடவும் முடியவில்லை. கையிலிருந்த சாக்பீஸ் ஒடிந்தது.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளைகள். முன் பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி, உதவுகிற குரலில், "ஒளியா சார்?" என்றாள்.

அவன் தலையாட்டினான். அடுத்த சொல்லும் மாட்டிக்கொண்டது. இன்னொருவன், "வேகம்!" என்றான். அதற்கும் தலையாட்டினான். அதன் பிறகு அது விளையாட்டாகிவிட்டது. சார் வாயைத் திறந்தால் போதும், நான் நீ என்று கையைத் தூக்கிக்கொண்டு சொல்லைக் கண்டுபிடித்தார்கள். "தண்ணி!" "கண்ணாடி!" "மீன்!" சரியாகச் சொன்னவன் பக்கத்தில் இருப்பவனை இடித்துப் பெருமைப்பட்டான். வகுப்பு அன்றைக்குப் போல் என்றும் குதூகலமாக இருந்ததில்லை.

மேற்பார்வை ஆசிரியை எழுந்து வந்தார். அவன் கையிலிருந்து ஒடிந்த சாக்பீஸை மென்மையாக வாங்கிக்கொண்டு, "நீங்க உட்காருங்க" என்றார். அவன் விட்ட இடத்திலிருந்து அவரே தொடர்ந்தார். காலியாக இருந்த ஒரே இடம் அந்த முன் பெஞ்சுச் சிறுமியின் பக்கத்தில்தான். அவன் அங்கே உட்கார்ந்து முழுப் பாடத்தையும் கேட்டான்.

அடுத்தடுத்த பயிற்சி வகுப்புகளும் அப்படித்தான் போயின. செய்முறைத் தேர்வில் தோல்வி என்று போட்டுவிட்டார்கள். அக்கா அவனையும் இழுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

"மார்க் போடறது அவங்க உரிமைம்மா. அதுல கோர்ட் கை வைக்காது" என்றார் வக்கீலம்மா, படியிறங்கிக்கொண்டே. பிறகு நின்று, உண்மையாகவே புரியாமல், தம்பியைக் கேட்டார். "அன்னைக்குக் கோர்ட்ல எவ்வளவு அழகாப் பேசினீங்க! அதையே பேசியிருக்கலாமே?"

வீட்டுக்கு வந்ததும் அக்கா அவனைப் பழைய இடத்தில் நிற்க வைத்தாள். "ஒண்ணும் இல்லடா. வந்த மாதிரியே போயிடும். மூச்சை இழு. மெதுவா நடத்து. எதையும் நினைக்காத."

அவன் தொடங்கினான். முதல் வாக்கியத்திலேயே நின்றான். நின்று, அவளையே பார்த்தான்.

"என்னடா?"

"வி... விரலை இறக்குக்கா."

அவள் குனிந்து பார்த்தாள். அவள் கை அவளுக்குத் தெரியாமலே மேலே எழும்பி நின்றது. அதை மடியில் வைத்து மற்ற கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவள் அழவில்லை. அழுதால் தானும் அடிபட்டவள் என்று ஆகிவிடுமே என்று இருந்தது. மறுநாள் வேலையில், ஒரு பெரியவரின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தித் திட்டு வாங்கினாள்.

தம்பி மாமாவோடு ஏ.சி. வேலைக்குப் போக ஆரம்பித்தான். ஏணியைப் பிடிக்க வேண்டும், கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச்சுக்கு வேலை இல்லை. மாமா இப்போது அவனை எந்தப் பட்டப்பெயராலும் கூப்பிடுவதில்லை. அதுதான் அவனுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வக்கீலம்மாவிடம் நம்பர் வாங்கியதாக ஒரு பெண் சொன்னாள். அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில் அவளையும் இதேபோல் வெளியே அனுப்பியிருந்தார்கள். அவனுடைய தீர்ப்பைக் காட்டி வழக்குப் போட்டிருந்தாள். அடுத்த வாரம் விசாரணை.

"அ... அண்ணா, பி... பிள்ளைங்களுக்குச் சொ... சொல்லிக் கொடுக்கும்போது எ... எனக்குத் தி... திக்காது. ஒ... ஒரு தடவைகூட. அதை ஜ... ஜட்ஜ்கிட்ட ந... நடத்திக் காட்டட்டுமா?"

"வே... வேணாம்" என்றான்.

"ஏ... ஏன்?"

ஏணியின் மேலிருந்து மாமா ஸ்பானர் கேட்டார். தம்பி எடுத்துக் கொடுக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். முதல் சொல்லே வெகுநேரம் வரவில்லை. மறுமுனையில் அந்தப் பெண் எதுவும் சொல்லாமல் காத்திருந்தாள். மாமா கீழே எட்டிப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், பிடிப்பு இல்லாத ஏணியில் ஒவ்வொரு படியாகத் தானே இறங்கி வந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.